மலையை ரயில் ஏறட்டும், ஆற்றோடு நீ இறங்கு: சுவிஸ் சைக்கிள் பயணத்துக்கு அக்காவின் டிப்ஸ்

பத்து நாள் லீவு. போக வர இரண்டு நாள் கழிந்துவிடும். மிச்சமிருக்கும் எட்டு நாளில் சுவிட்சர்லாந்தை சைக்கிளில் சுற்ற வேண்டும் என்கிறாய். ஆசை நல்லதுதான். ஆனால் உன் திட்டத்தைப் பார்த்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. ஒரு நாளைக்கு 90 கிலோமீட்டர், மூன்றாம் நாளே ஃபுர்கா கணவாய், ஐந்தாம் நாள் கோட்ஹார்ட். யார் உனக்கு இப்படி எழுதிக் கொடுத்தது? வீட்டிலிருந்து கடைத்தெருவுக்குக்கூட வண்டியில் போகிறவள் நீ. 2,400 மீட்டர் உயரத்தை சைக்கிளில் மிதித்து ஏறுவேன் என்று அகலக்கால் வைக்காதே.

நான் சொல்வதைக் கேள். அந்த நாட்டில் மலை ஏற உனக்குக் கால் வலு தேவையில்லை, ரயில் இருக்கிறது. சைக்கிளோடு ரயிலில் ஏறி உயரத்துக்குப் போ. அங்கிருந்து ஆற்றின் கரையைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கு. மூச்சிரைக்க மிதிப்பவள் கண்ணுக்குத் தார் ரோடு மட்டும்தான் தெரியும். நீ போவது ஏரியும் பனிமலையும் பார்க்க. கீழே நான் சொல்லும் எல்லாமே இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

புறப்படும் முன் புரிந்துகொள்ள வேண்டியவை

1. பலகையைப் படிக்கக் கற்றுக்கொள். சிவப்புப் பலகையில் வெள்ளை சைக்கிள் படம் இருந்தால் அது உன் வழி. மஞ்சள் பலகை நடப்பவர்களுக்கு. அதை நம்பி சைக்கிளைத் திருப்பினால் கல்லும் வேரும் படிக்கட்டும்தான் வரும். சிவப்பிலேயே மலைச் சைக்கிளுக்கும் தனிப் பலகை உண்டு, படத்தை உற்றுப் பார். சாதா சைக்கிள் வழியின் எண் வெளிர்நீலக் கட்டத்தில் இருக்கும்.

2. எண்ணுக்கு அர்த்தம் உண்டு. ஓரிலக்க எண் நாடு முழுக்கப் போகும் தேசிய வழி. ஈரிலக்கம் வட்டார வழி, மூவிலக்கம் உள்ளூர் வழி. 1998-இல் ஒன்பது தேசிய வழிகளோடு தொடங்கிய ஏற்பாடு இது. எண்ணைப் பிடித்துக்கொண்டு போனால் வரைபடம் இல்லாமலே ஊர் போய்ச் சேரலாம். ஆனாலும் சுவிட்சர்லாந்து மொபிலிட்டி செயலியைப் போனில் போட்டுக்கொள். எங்கே ஏற்றம், எங்கே மண் பாதை என்று அதில் தெரியும்.

3. கிலோமீட்டரைப் பார்க்காதே, ஏற்றத்தைப் பார். எல்லாரும் செய்யும் தப்பு இதுதான். 30 கிலோமீட்டர்தானே என்று கிளம்புவார்கள். அதில் 800 மீட்டர் ஏற்றம் ஒளிந்திருக்கும். பழக்கமில்லாதவர்கள் ஒரு நாளில் மொத்தம் 300 மீட்டர் ஏற்றத்துக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. சமதளத்தில் 40 கிலோமீட்டர் போதும். நின்று படம் எடுக்க, பெஞ்சில் உட்கார, கால் நனைக்க நேரம் வேண்டாமா?

4. நதி எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கமே போ. நீரோட்டத்தோடு போனால் பெரும்பாலும் இறக்கம். எதிர்த்துப் போனால் நாள் முழுக்க ஏற்றம். இவ்வளவு சின்ன விஷயத்தை மறந்துவிட்டு, எந்தப் பக்கம் போனாலும் அதே வழி எண்தானே என்று தலைகீழாகக் கிளம்புகிறவர்கள் நிறைய பேர்.

அக்கா தேர்ந்தெடுத்த ஐந்து வழிகள்

ஐந்தையும் ஒரே பயணத்தில் முடிக்கப் பார்க்காதே. ஒன்று, அதிகம் போனால் இரண்டு.

1. ஆரே வழி (எண் 8): முதல்முறை போகிறவர்களுக்கு இதுதான்

முழு வழியும் 300 கிலோமீட்டருக்கு மேல். கிரிம்செல் கணவாயைத் தாண்டி வருவதால் அந்த மேல் பகுதி 2,164 மீட்டர் உயரம். அதை விட்டுவிடு. ரயிலில் மைரிங்கனுக்குப் போய் அங்கிருந்து தொடங்கு.

- மைரிங்கனில் ரைஷன்பாக் அருவியை ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம். 1893-இல் வெளிவந்த கதையில் ஷெர்லாக் ஹோம்ஸை ஆர்தர் கோனன் டாயல் விழவைத்த அருவி அதுதான்.
- பிரியென்ஸ் ஏரியின் தென்கரையில் போகும் வழியில் கீஸ்பாக் அருவி பக்கம் ஒரு ஏற்றம் உண்டு. வெட்கப்படாமல் இறங்கித் தள்ளிக்கொண்டு போ. முடியாது என்றால் பிரியென்ஸில் படகில் ஏறிவிடு. இடம் இருந்தால் சைக்கிளையும் ஏற்றிக்கொள்வார்கள். ஏரித் தண்ணீரின் அந்தப் பச்சைநீலம் படகிலிருந்து இன்னும் அழகு. பனியாறு அரைத்துக் கொண்டுவரும் பாறை மாவால்தான் அந்த நிறம்.
- தூன் முதல் பெர்ன் வரையுள்ள பகுதி தங்கமான பகுதி. கிட்டத்தட்ட சமதளம், நதி பக்கத்திலேயே, மரநிழல். அவசரமாக வந்தவர்கள் இந்த ஒன்றை மட்டும் ஓட்டினாலும் போதும்.
- பெர்ன் பழைய நகரம் 1983 முதல் உலகப் பாரம்பரிய இடம். வெயில் காலத்தில் ஊரே ஆரேயில் குதித்து மிதந்து போகும். நீச்சல் நன்றாகத் தெரியாவிட்டால் கரையில் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள். தண்ணீர் வேகம், குளிர்ச்சி இரண்டும் அதிகம்.
- பீலிலிருந்து சோலோதூர்ன் வரை சுமார் 25 கிலோமீட்டர், குழந்தைகளோடும் போகலாம். நடுவில் ஆல்ட்ரொய் கிராமத்தில் கூரைக்குக் கூரை செங்கால் நாரைக் கூடு. நாட்டில் நாரையே இல்லாமல் போகவிருந்த காலத்தில், 1948-இல் மாக்ஸ் புளோஷ் என்பவர் அங்கே மீண்டும் வளர்க்க ஆரம்பித்தார். கூட்டுக்குக் கீழே சைக்கிளை நிறுத்தாதே, இருக்கையைத் துடைத்துக்கொண்டு நிற்க வேண்டும்.

2. ரைன் வழி (எண் 2): மலை வேண்டாம், தண்ணீர் போதும் என்பவர்களுக்கு

இதுவும் நெடும் வழிதான், அண்டர்மாட்டில் தொடங்கி பாசல் வரை போகும். மேல் பகுதியில் ஓபெரால்ப் கணவாய், அதற்குக் கீழே இலான்ஸ் தாண்டியதும் வெர்சாம் பக்கம் செங்குத்தான ஏற்றம். ரைன் பள்ளத்தாக்கு அழகுதான், ஆனால் அதை ரயில் ஜன்னலில் பார். தண்டவாளம் நதியை ஒட்டியே ஓடுகிறது, சைக்கிள் வழியோ மலைமேல் ஏறிப் போகிறது.

நீ ஓட்ட வேண்டியது போடன்சே ஏரிக்கரை முதல் ஷாஃப்ஹவுசன் வரை.

- க்ராய்ஸ்லிங்கனில் தொடங்கினால் சுமார் 50 கிலோமீட்டர். இரண்டு நாளாகப் பிரித்து ஸ்டைன் ஆம் ரைனில் தங்கு. சுவரெல்லாம் சித்திரம் தீட்டிய வீடுகள். பகலில் கூட்டமாக இருக்கும், சாயங்காலம் ஊர் காலியாகிவிடும். அப்போது பார்ப்பதுதான் அழகு.
- வழியெங்கும் ஆப்பிள் தோட்டங்கள். இந்தத் துர்காவ் மாநிலத்துக்கு அங்கத்தியர் வைத்த செல்லப் பெயர் 'மோஸ்ட் இந்தியா'. மோஸ்ட் என்றால் ஆப்பிள் சாறு. தோட்டத்து வாசலிலேயே பாட்டிலில் வைத்து விற்பார்கள். புளித்ததா புளிக்காததா என்று கேட்டு வாங்கு. புளித்ததைக் குடித்துவிட்டு சைக்கிள் மிதிக்காதே.
- பாஸ்போர்ட்டை அறையில் வைத்துவிட்டுக் கிளம்பாதே. ஸ்டைன் தாண்டியதும் வழி ஜெர்மனிக்குள் புகுந்து வெளியே வரும். பூசிங்கன் என்ற ஜெர்மன் ஊர் சுற்றிலும் சுவிட்சர்லாந்து சூழ நடுவில் உட்கார்ந்திருக்கிறது. போனில் வேற்று நாட்டு சிக்னல் பிடித்துக் காசு போகும், அதையும் கவனி.
- ஷாஃப்ஹவுசன் பக்கத்தில் ரைன் அருவி. 150 மீட்டர் அகலம், 23 மீட்டர் உயரம். உயரத்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாறுவாய். அதன் அகலத்தையும் இரைச்சலையும் அனுபவிக்கப் போ.

3. ரோன் வழி (எண் 1): கருத்த மரவீடுகளும் காற்றும்

ஓபர்வால்டுக்கு ரயிலில் போய் பிரிக் வரை இறங்கு. 1,370 மீட்டரிலிருந்து 680 மீட்டருக்கு வருகிறாய், தூரம் 40 கிலோமீட்டருக்குச் சற்று மேல். கோம்ஸ் என்னும் இந்தப் பள்ளத்தாக்கில் வெயில் பட்டுப்பட்டுக் கருத்துப்போன மரவீடுகள் வரிசையாக நிற்கும். தானியக் களஞ்சியங்களைப் பார், தரையிலிருந்து தூக்கி மரக்கால்மேல் நிறுத்தியிருப்பார்கள். ஒவ்வொரு காலின் மேலும் வட்டக் கல் பலகை. எலி ஏறி வந்தாலும் அந்தக் கல்லில் முட்டித் திரும்பிவிடும். நம் பாட்டிமார் பார்த்திருந்தால் மெச்சியிருப்பார்கள்.

- ஃபீஷில் ஒரு நாள் நில். அங்கிருந்து கம்பி வண்டியில் எகிஸ்ஹார்ன் ஏறினால் அலெட்ஷ் பனியாறு தெரியும். ஆல்ப்ஸ் மலையிலேயே நீளமான பனியாறு அது.
- ஃபீஷுக்குக் கீழே இறக்கம் செங்குத்து. பிரேக்கில் நம்பிக்கை இல்லாவிட்டால் அந்தத் துண்டை ரயிலில் கடந்துவிடு.
- பிரிக்குக்குப் பிறகு காலை ஏழு மணிக்கே கிளம்பிப் பகலுக்குள் முடித்துவிடு. மதியம் ஆனால் ஏரிப் பக்கமிருந்து பள்ளத்தாக்கின் மேல்நோக்கிப் பலத்த காற்று வீசும், நேராக உன் முகத்தில் அடிக்கும். தரை சமமாக இருந்தும் மலை ஏறுவதுபோல் இருக்கும்.
- ஜூலை, ஆகஸ்டில் சியோன், சாக்சோன் பக்கம் வழியோரத்தில் ஆப்ரிகாட் பழம் விற்பார்கள். வாங்கு, ஆனால் பைக்குள் அடியில் திணிக்காதே. குழைந்துபோய்த் துணியெல்லாம் பிசுபிசுக்கும்.

4. கோட்ஹார்டுக்குத் தெற்கே (எண் 3): ஒரே நாளில் மொழி மாறும் வழி

அய்ரோலோவில் இறங்கி பெல்லின்சோனா வரை லெவன்டினா பள்ளத்தாக்கில் இறங்குவது சுமார் 60 கிலோமீட்டர். 1,100 மீட்டருக்கு மேலிருந்து 230 மீட்டருக்கு வந்துவிடுவாய். மேலே ஊசியிலை மரமும் குளிரும், கீழே செஸ்ட்நட் மரமும் திராட்சைப் பந்தலும். ஜெர்மன் போய் இத்தாலியன் வருவது ரயிலிலேயே நடந்துவிடும், அய்ரோலோவிலேயே இத்தாலியன்தான். பழைய ரயில் பாதை மலைக்குள் பாம்பாகச் சுருண்டு இறங்குவதைப் பார்த்துக்கொண்டே போகலாம். பெல்லின்சோனாவின் மூன்று கோட்டைகள் 2000-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தவை.

- ரயிலைக் கேட்டு ஏறு. 2016-இல் திறந்த 57 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் வழியாகப் போகும் வேக ரயிலில் ஏறினால் அய்ரோலோ வரவே வராது. நேராக பெல்லின்சோனா பக்கம் கொண்டுபோய் விட்டுவிடும். பழைய மலைப் பாதையில் போகும் ரயில்தான் உனக்கு வேண்டும்.
- கணவாய் உச்சியிலிருந்து அய்ரோலோவுக்கு இறங்கும் பழைய ட்ரெமோலா சாலை படத்தில் அழகாக இருக்கும். முழுக்கக் கல் பாவிய கொண்டை ஊசி வளைவுகள். மழையில் வழுக்கும். பழகாத கைக்கு வேண்டாம்.

5. எங்கடின்: உயரத்திலேயே ஓட்டும் சுகம்

செயின்ட் மோரிட்ஸிலிருந்து பஸ்ஸில் மலோயாவுக்குப் போ. அங்கிருந்து இன் நதியோடு ஜெர்னெஸ் வரை சுமார் 50 கிலோமீட்டர். தொடக்கமே 1,815 மீட்டர். ஏரிக்குப் பின் ஏரி, சுற்றிலும் பனி மலை, வழியோ பெரும்பாலும் தட்டை.

- இங்கே காற்று உன் கட்சி. பகலில் மலோயாவிலிருந்து செயின்ட் மோரிட்ஸ் பக்கம் வீசும், முதுகைத் தள்ளிக்கொண்டு போகும். அதனால் இடி அறிகுறி இல்லாத நாளில் இதை மட்டும் மதியம் ஓட்டலாம்.
- முதல் நாளே வேகம் காட்டாதே. உயரத்தில் மூச்சு சீக்கிரம் வாங்கும். ஒரு நாள் சும்மா நடந்து பழகிவிட்டு ஓட்டு.
- வீட்டுச் சுவர்களில் சுண்ணாம்பைச் சுரண்டிக் கோலம்போல் வேலை செய்திருப்பார்கள். ஒவ்வொரு ஊரிலும் நின்று பார்.
- ஜெர்னெஸ் பக்கத்தில் 1914-இல் தொடங்கிய தேசியப் பூங்கா இருக்கிறது. அதற்குள் சைக்கிள் கூடாது. பூட்டி வைத்துவிட்டு நடந்து போ.
- ஜெர்னெஸ் தாண்டி ஸ்குவோல் வரை ஏற்ற இறக்கம் அதிகம். கால் ஒத்துழைத்தால் மட்டும். இல்லையென்றால் ரயில் இருக்கவே இருக்கிறது.

வேண்டாம் என்றால் வேண்டாம்

- ஃபுர்கா, கிரிம்செல், சுஸ்டன் கணவாய்கள்: வருடக்கணக்காகப் பயிற்சி செய்தவர்களின் இடம். கோடையில் மோட்டார் சைக்கிளும் காரும் வரிசைகட்டிப் போகும்.
- ஆல்பைன் பனோரமா வழி (எண் 4): பெயரைக் கேட்டு மயங்காதே. 1,948 மீட்டர் உயரமுள்ள கிளவுசன் கணவாய் அதில்தான் வருகிறது.
- லாவோ திராட்சைச் சரிவு: ஜெனீவா ஏரிக்கரையில் அடுக்கடுக்கான தோட்டங்கள், அவசியம் பார்க்க வேண்டியவை. ஆனால் ஏறி ஏறி இறங்க வேண்டும். சைக்கிளைக் கீழே பூட்டிவிட்டு நடப்பது மேல்.
- ஹெர்ஸ் வழி (எண் 99): குன்றுக்குக் குன்று ஏறும் வழி. சாதா சைக்கிளில் தொடாதே. மின்சார சைக்கிள் எடுத்தால் மட்டும் எம்மென்டால் பக்கம் ஒரு நாள் போய் வா, பசுமை கண்ணை நிறைக்கும்.

எப்போது போவது?

- கீழ்ப் பள்ளத்தாக்குகளுக்கு மே முதல் செப்டம்பர் வரை. உயரமான இடங்களுக்கு ஜூன் பாதிக்குப் பிறகு. அதற்கு முன் பனி கிடக்கும்.
- என்னைக் கேட்டால் செப்டம்பர் முதல் பாதி. பள்ளிக்கூட விடுமுறைக் கூட்டம் குறைந்திருக்கும், இடிமழையும் குறையும்.
- ஜூலை, ஆகஸ்டில் மதியத்துக்கு மேல் மலையில் இடி இடிக்கும். காலையில் ஓட்டி இரண்டு மணிக்குள் கூரைக்குக் கீழே வந்துவிடு.
- ஆகஸ்ட் 1 அவர்களின் தேசிய நாள். கடைகள் மூடியிருக்கும், அறைகள் நிரம்பியிருக்கும். முன்கூட்டியே பதிவு செய்துவிடு.
- ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி மாதம் வரை தள்ளிப்போடாதே. குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். அதில் சைக்கிள் விபத்தும் மலை மீட்பும் சேருமா என்று வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடு.

ரயிலும் வாடகையும்

1. சைக்கிளை ஊரிலிருந்து சுமக்காதே. ரென்ட் எ பைக் போன்றவர்கள் பெரிய ரயில் நிலையங்களிலேயே வாடகைக்குத் தருகிறார்கள். ஒரு ஊரில் எடுத்து இன்னொரு ஊரில் விடலாம், அதற்குத் தனிக் கட்டணம். மின்சார சைக்கிளின் பெரிய பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் விடவே மாட்டார்கள்.
2. பாஸ் வாங்கிவிட்டால் சைக்கிளுக்கும் சேர்ந்துவிட்டது என்று நினைக்காதே. சுவிஸ் டிராவல் பாஸ் உனக்கு. சைக்கிளுக்குத் தனி டிக்கெட்.
3. நகரங்களுக்கு இடையே ஓடும் வேக ரயில்களில் மார்ச் கடைசியிலிருந்து அக்டோபர் கடைசி வரை சைக்கிளுக்கு முன்பதிவு வேண்டும். சனி, ஞாயிறு இடம் சீக்கிரம் தீரும். பதிவு மறந்துவிட்டதா? நின்று நின்று போகும் வட்டார ரயிலைப் பிடி.
4. சைக்கிளை நீதான் ஏற்ற வேண்டும். யாரும் வந்து தூக்கமாட்டார்கள். மின்சார சைக்கிள் 25 கிலோ வரும். வண்டி வருவதற்கு முன்பே பைகளைக் கழற்றி வை. சைக்கிள் படம் போட்ட கதவுக்கு நேரே நில்.
5. மலைப் பஸ்ஸில் பின்னால் சில சைக்கிள்களுக்குத்தான் இடம். சில தடங்களில் முன்பதிவு இல்லாமல் ஏற்றமாட்டார்கள்.
6. பெரிய பெட்டியைக் கூடவே இழுக்காதே. ரயில் நிலையத்தில் கொடுத்து அடுத்த ஊர் நிலையத்துக்கு முன்னதாகவே அனுப்பிவிடலாம். அன்றைக்கே வராது, அதனால் இரண்டு நாள் துணியைக் கையில் வைத்துக்கொள்.

சைக்கிள் மேல் ஏறிய பிறகு

1. முதல் வேலை, பிரேக்கைச் சோதி. அங்கே பெரும்பாலும் இடது கைப்பிடி முன் சக்கரத்துக்கு. நமக்குப் பழக்கம் வேறு. அவசரத்தில் இடது கையை இறுக்கினால் தலைகுப்புற விழுவாய். எடுத்த இடத்திலேயே பத்து நிமிடம் வட்டமடித்துப் பழகு.
2. வலது பக்கம், வலது பக்கம், வலது பக்கம். காலையில் கிளம்பும்போதும் காப்பி குடித்துவிட்டு மறுபடி ஏறும்போதும்தான் மறக்கும். கைப்பிடியில் ஒரு சிவப்பு நூல் கட்டிக்கொள்.
3. ட்ராம் தண்டவாளத்தை சாய்வாகக் கடக்காதே. சக்கரம் பள்ளத்தில் மாட்டிக்கொள்ளும். முடிந்தவரை நேர் குறுக்காகக் கட.
4. ரவுண்டானாவில் ஓரத்தில் ஒண்டாதே. லேனின் நடுவில் போகலாம், விதி அதை அனுமதிக்கிறது. ஓரமாகப் போனால் வெளியேறும் கார் உன்னை மறிக்கும்.
5. இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தபடியே வராதே. சூடாகிப் பிடிமானம் குறையும். விட்டு விட்டு, இரண்டு கையாலும் பிடி. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறை, வளைவுக்குள் அல்ல.
6. மின்சார சைக்கிளில் 2022 ஏப்ரல் முதல் பகலிலும் விளக்கு எரிய வேண்டும். மணிக்கு 45 கிலோமீட்டர் போகும் வகைக்கு உரிமம், ஹெல்மெட், எண் பலகை எல்லாம் உண்டு. உனக்கு 25 கிலோமீட்டர் வகையே தாராளம். அதற்கு ஹெல்மெட் கட்டாயமில்லை என்பார்கள். சட்டத்துக்காகவா போடுகிறாய்? உன் தலைக்காகப் போடு.
7. மாட்டைப் பார்த்ததும் ஓடித் தடவாதே. கன்றோடு இருக்கும் பசு முட்ட வரும். இறங்கி, அமைதியாகத் தள்ளிப் போ. வேலிக் கம்பியில் மின்சாரம் ஓடும், பிடித்துக்கொண்டு படத்துக்கு நிற்காதே. திறந்த கேட்டைத் திரும்ப மூடு.

சாப்பாடு, தண்ணீர்

- பாட்டில் தண்ணீருக்குக் காசு செலவழிக்காதே. ஊருக்கு ஊர் தொட்டியில் ஊற்று நீர் கொட்டும், குடிக்கலாம். 'கைன் டிரிங்க்வாசர்' என்றோ 'நோன் போட்டாபில்' என்றோ எழுதியிருந்தால் மட்டும் குடிக்காதே.
- ஞாயிறு கடை இல்லை. சனிக்கிழமை மாலைக்குள் ரொட்டி, பழம், தயிர் வாங்கி வை. மறந்தால் பெரிய ரயில் நிலையக் கடைகள்தான் கதி.
- மதியச் சமையல் இரண்டு மணியோடு முடியும். மூன்று மணிக்குப் போய்ப் பசிக்கிறது என்றால் காப்பியும் கேக்கும்தான் கிடைக்கும். நாள் செலவைக் குறைக்க ஒரு வேளை உணவகம், மற்றவை சூப்பர் மார்க்கெட் என்று வைத்துக்கொள்.
- சைவமா? கேட்டுச் சாப்பிடு. உருளைக்கிழங்கு ரோஷ்டியில் பன்றி இறைச்சித் துண்டு போட்டிருப்பார்கள். ஃபோன்டூவில் ஒயின் சேரும். க்ரூயேர் போன்ற பழைய முறைப் பாலாடைக் கட்டியில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறை சேர்ப்பார்கள்.
- நெய்யும் பால்கோவாவும் பெட்டியில் வைக்காதே. ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் கொண்டுவர அனுமதி இல்லை, பிடுங்கிவிடுவார்கள். புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, வறுத்த கடலை இவை போதும். ஓட்டும்போது பசிக்குக் கடலைமிட்டாய்க்கு ஈடு எதுவும் இல்லை.
- பெர்னில் நம் சோறு நினைவு வந்தால் ஐரோப்பா சதுக்கத்தில் இருக்கும் சமயங்களின் இல்லத்துக்குப் போ. 2014 முதல் ஒரே கூரைக்குக் கீழே கோயில், மசூதி, தேவாலயம், புத்த மையம் எல்லாம் இருக்கின்றன. அந்தக் கோயில் ஈழத் தமிழர்கள் நடத்துவது. ஊரைவிட்டுப் போக நேர்ந்தவர்கள் குளிர் நாட்டில் கட்டி எழுப்பியது. கும்பிட்டுவிட்டு இரண்டு வார்த்தை தமிழ் பேசிவிட்டு வா.

உடையும் பையும்

- ஜீன்ஸ் வேண்டாம். நனைந்தால் காயாது, தையல் தொடையை உரசும். துப்பட்டா, சங்கிலியில் சிக்கும் தொளதொளப் பேன்ட் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும்.
- மெத்தை வைத்த சைக்கிள் காற்சட்டை இரண்டு வாங்கு. அதற்குள் உள்ளாடை போடக்கூடாது. யாரும் சொல்லமாட்டார்கள், அதனால் நான் சொல்கிறேன். போட்டால் இரண்டாம் நாளே தோல் உரிந்து உட்கார முடியாது.
- ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்கு மேல் குளிரும். இறங்கத் தொடங்கும் முன்பே காற்றுத் தடுக்கும் மேல்சட்டையையும் கையுறையையும் போடு. நடுங்கிய பிறகு போட்டால் விரல் பிரேக்கைப் பிடிக்காது.
- வெயில் களிம்பு, கறுப்புக் கண்ணாடி, மழைக்கோட்டு. முதுகுப் பை வேண்டாம், பின் கேரியரில் மாட்டும் பை வாங்கு. முதுகு வியர்க்காது.
- ஒரு டியூப், பம்ப், சக்கரம் கழற்றும் நெம்புகோல். கிளம்பும் முன் ஒரு முறையாவது பஞ்சர் ஒட்டிப் பழகு. அங்கே தெருமுனையில் பஞ்சர் கடை இருக்காது.
- சார்ஜருக்கு உருண்டையான இரண்டு முனைச் சன்னப் பிளக் வேண்டும். நம் ஊர் மூன்று முனைப் பிளக் சொருகாது.

ஆபத்து என்றால்

போனில் இப்போதே பதிந்து வை: பொது அவசரம் 112, ஆம்புலன்ஸ் 144, காவல் 117, வானூர்தி மீட்பு ரேகா 1414. நிற்கும் இடத்தின் பெயரைப் பலகை பார்த்துச் சொல்லத் தெரிய வேண்டும். அதனால் கடந்துவந்த கடைசி ஊர்ப் பெயரை மனதில் வைத்தபடியே ஓட்டு.

யோசிக்க நேரமில்லையா? இதை அப்படியே எடுத்துக்கொள்

- நாள் 1: சூரிக்கில் இறங்கி ரயிலில் இன்டர்லாகன். தூக்கம் மட்டும். சைக்கிளைத் தொடாதே.
- நாள் 2: சைக்கிள் எடுத்து, பழகி, பக்கத்திலுள்ள போனிகன் ஏரிக்கரை வரை போய் வா.
- நாள் 3: ரயிலில் மைரிங்கன். அங்கிருந்து பிரியென்ஸ் வரை மிதி, மிச்சம் படகில்.
- நாள் 4: படகில் தூன். கோட்டை பார்த்துவிட்டு அங்கேயே தங்கு.
- நாள் 5: தூன் முதல் பெர்ன், ஆற்றோரமாக. முழு நாளும் இதற்கே.
- நாள் 6: பெர்னில் ஓய்வு. கோயில், பழைய நகரம், துணி துவைப்பது.
- நாள் 7: ரயிலில் பீல், அங்கிருந்து சோலோதூர்ன், நாரைக் கூடு.
- நாள் 8: மழைக்காக வைத்த நாள். மழை வராவிட்டால் ரயிலில் ரைன் அருவி.

எட்டாம் நாளை நிரப்பிவிடாதே என்று எத்தனை பேரிடம் சொன்னாலும் நிரப்பிவிடுகிறார்கள். பிறகு மழையில் நனைந்து, காய்ச்சலோடு விமானம் ஏறுகிறார்கள். காலியாக ஒரு நாள் வைத்துக்கொள், அந்த நாள்தான் மற்ற ஏழு நாளையும் காப்பாற்றும்.

இன்னும் ஒன்று. ஏற்றத்தில் முடியாமல் இறங்கித் தள்ளும்போது, வெள்ளைத் தாடி வைத்த தாத்தா ஒருவர் உன்னைத் தாண்டி மிதித்துப் போவார். பார்த்து மனசு சுருங்காதே. அவர் பிறந்ததிலிருந்து அந்த மலையில் ஓட்டுகிறார். நீ அவருக்கு வழிவிட்டு ஓரமாக நில், தண்ணீர் குடி, வந்த வழியைத் திரும்பிப் பார். கீழே ஏரி முழுசாகத் தெரியும். வேகமாக மிதித்திருந்தால் அதைப் பார்த்திருக்கவே மாட்டாய். பத்திரமாகப் போய் வா. போய்ச் சேர்ந்ததும் ஒரு வார்த்தை போன் பண்ணு.